சாமியார் விட்டுப்போன சைக்கிள்

விடிந்தும் விடியாததுமாக அந்த வீட்டில் சைக்கிள் பேச்சு தொடங்கிவிட்டது. நான்கு நாளாக இதே கதைதான். இன்று அது சண்டையாகவே ஆகிவிட்டது.

“ஏனுங்க அண்ணி, கடைசியாக் கேக்கறேன். பதினஞ்சு வருசமா விறகுச் சாளையில சாக்குக்கு அடியில கெடக்குற சைக்கிளை எடுத்து ரிப்பேர் பண்ணுனா உங்களுக்கு என்னங்க கொறைஞ்சு போகுது?”

கேட்டவன் அந்தோணிராஜ், அமலியின் கொழுந்தன். சிங்காநல்லூர் மில்லில் குமாஸ்தா. கோயம்புத்தூரில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் வீட்டிலிருந்து ஆறு மைல் நடந்து போய்ச் சேர்வதற்குள் இரண்டாவது சங்கு ஊதிக் கேட்டைச் சாத்திவிடுகிறார்கள். இரண்டு தடவை திருப்பியனுப்பியாகிவிட்டது. மூன்றாம் தடவை தாமதமானால் வேலையே இல்லை என்று மானேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புது சைக்கிளுக்கு வழியில்லை. வீட்டிலோ ஒரு பிரெஞ்சு சைக்கிள் துருப்பிடித்துக் கிடக்கிறது!

“வேண்டாம் கண்ணு...” என்றாள் அமலி, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஏன் வேண்டாம்? காரணஞ் சொல்லுங்க!”

காரணம்... அதைத்தான் அவளால் சொல்ல முடியாதே!

“காரணத்தை நாஞ் சொல்லட்டுங்களா?” என்று முன்னால் வந்தாள் அந்தோணிராஜின் மனைவி விமலாராணி. “தம் புருசன் படுத்த படுக்கையாக் கெடக்க, அடுத்தவ புருசன் அதே சைக்கிள்ல ஏறிப் போறதான்னு அக்காவுக்கு வயிறு எரியுது. பெத்து வளத்தியிருந்தாத்தானே அடுத்தவங்க பொழைப்பு தெரியும்!”

“விமலா!” என்று அதட்டினான் அந்தோணிராஜ். அதட்டினானே தவிர, நீ சொன்னது பொய் என்று சொல்லவில்லை. ஆறு வயதில் தாயை இழந்து நின்றவனை மடியில் போட்டு வளர்த்தவள் அமலி. அவன் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வரும் என்று காத்து நின்றாள். வரவில்லை.

உள்ளறையில், ஜன்னலோரக் கட்டிலில், அவள் கணவர் சத்தியசீலன் ஜெபமாலை கோத்துக்கொண்டிருந்தார். இத்தனையும் அவர் காதில் விழுந்தது. ஒரு நொடி விரல்கள் நின்றன. பிறகு அடுத்த மணியைக் கோத்தன. விமலாராணியின் பேச்சைவிட அதுதான் அமலிக்கு வலித்தது.

அந்தோணிராஜ் செருப்பை மாட்டினான். அமலி சட்டென்று அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் அவள் அப்படித்தான் மறைந்து நிற்பாள். பதினைந்து வருட வழக்கம் அது.

சத்தியசீலன் அப்போது கோயில் உபதேசியார்; சாகக் கிடப்பவர்களுக்கு ஜெபம் சொல்லப் போவார். பங்குச் சாமியார் பிரான்சிலிருந்து வந்தவர். அவர் ஊரிலிருந்து என்ன விலைக்கு வாங்கி வந்தாரோ தெரியாது, அந்த சைக்கிளைக் கண்ணாக வைத்திருந்தார். பதினாலாம் வருட ஜெர்மன் சண்டைக்கு அவரை அவர் நாட்டில் கூப்பிட்டபோது, “நான் வரும் வரை நீ ஓட்டு” என்று உபதேசியாரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் திரும்பவே இல்லை.

அப்புறம் ஒரு நாள் காலை. மதுக்கரைப் பக்கம் ஒருவர் சாகக் கிடக்கிறார் என்று ஆள் வந்தது. சத்தியசீலன் சைக்கிளை எடுத்தார். அமலி வாசலில் குறுக்கே நின்று, “இன்னிக்கு சைக்கிள் வேண்டாங்க... நடந்தே போங்க” என்றாள். “உசுர் போயிட்டிருக்குது, நடந்து போகச் சொல்றயா?” என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனார். மதுக்கரைச் சரிவில் பள்ளத்தில் கிடந்தவரை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

“கெளம்பறப்போ தடுத்தியே அமலி... பலிச்சுப் போச்சு.” ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அப்புறம் சொல்லவே இல்லை. ஆனால் கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? அவள் வாய் ஆகாத வாய் என்று தெருவெல்லாம் பேச்சாயிற்று. அன்று முதல் அவள் யாரையும் வழியனுப்புவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்தோணிராஜ் கடைவீதியிலிருந்து சைக்கிள் கடை அப்துல் வஹீதைக் கையோடு அழைத்து வந்துவிட்டான். அமலி ஓடிப்போய்ச் சாளைக் கதவை மறித்து நின்றாள்.

“கண்ணு, உன்னைக் கும்புடறேன்! தொடாதே... வேற எதாச்சும் வழி பண்ணலாம்...”

“நகருங்க அண்ணி.”

அவள் நகரவில்லை. அவன் அவள் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு உள்ளே போனான். அவள் ஊட்டி வளர்த்த கை! அமலி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சைக்கிளை ஜன்னலுக்கு நேராக வெயிலில் கிடத்தினார்கள். சட்டம் ஒரு பக்கம், முன் சக்கரம் தனியாக ஒரு பக்கம். அப்துல் வஹீது துருவைத் துடைத்து, சக்கரத்து அச்சை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்ல வண்டிங்க. ஆனா இதை யாரோ கெடுத்து வெச்சிருக்காங்க. இந்தப் பக்கம் பாருங்க, நட்டு ஏறுற மரை ஒழுங்கா இருக்குது. அந்தப் பக்கம் மரையே தின்னு போயிருக்குது. பிரெஞ்சு அச்சுல இங்கிலீஷ் நட்டை மாட்டியிருக்காங்க. பாக்க ரெண்டும் ஒண்ணாட்டவே இருக்கும். ரெண்டு சுத்து ஏறும். அதுக்கு மேல இறுக்குனா மரையை அரைச்சுரும். மேட்டுல தாங்கும், எறக்கத்துல கழண்டு ஓடிரும்.”

“விழுந்ததுலதான் சக்கரம் கழண்டுச்சுன்னு...” அந்தோணிராஜின் குரல் தேய்ந்தது.

“இல்லீங்க. சக்கரத்தைப் புடிக்கிற கவையோட முனை ரோட்டுல உராய்ஞ்சு தேஞ்சிருக்குது பாருங்க. சக்கரம் முதல்ல கழண்டிருக்குது. அப்புறந்தான் ஆளு விழுந்திருக்காரு.”

அந்தோணிராஜ் அந்த அச்சை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தான்.

அவனுக்குப் பதினாறு வயது அப்போது. அண்ணனுக்குத் தெரியாமல் சைக்கிளை எடுத்துச் சுற்றினான். வழியில் ஒரு நட்டு தொலைந்தது. எங்கோ கிடைத்த ஒரு நட்டைப் பலங்கொண்ட மட்டும் முறுக்கி மாட்டிவிட்டு வந்து, “அண்ணன்கிட்டச் சொல்லிராதீங்க அண்ணி, அடிச்சே கொன்னுபோடுவாரு” என்று அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அதற்கு மறுநாள்தான் மதுக்கரைக்காரர் வந்தார்.

“அண்ணி...! அந்த நட்டு... நானுங்களா? நானா அண்ணி?”

அமலிக்குக் கண்ணீர்தான் வந்தது.

“அதனாலதான் அன்னிக்கு வேண்டாம்னு தடுத்தீங்களா? ஐயோ! ஊரே உங்களைப் பேசுச்சே... நானும் சேந்து கேட்டுட்டு இருந்தேனே! என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமே!”

“பதினாறு வயசுப் பையன்டா நீ... தெரிஞ்சிருந்தா எங்காச்சும் கெணத்தைத் தேடிப் போயிருப்பே. அண்ணன் ஒருத்தரு கெடக்கறது பத்தாதா?” அவள் குரல் உடைந்தது. “நானும் ஒண்ணும் உத்தமி இல்ல. வேண்டாம்னு சொன்னவ, ஏன்னு சொல்லலையே! சொல்லியிருந்தா அவரு நடந்தே போயிருப்பாரு... இன்னிக்கும் நடந்துட்டிருப்பாரு...”

அந்தோணிராஜ் அவள் காலில் விழுந்து கதறினான். விமலாராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “அக்கா... நாக்கு அழுகிப் போகோணும் எனக்கு...” என்று விம்மினாள்.

ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல். “அமலி... இங்க வா.”

அவரால் எழுந்து வர முடியாது. அவள்தான் போனாள், குனிந்தாள். சத்தியசீலன் அவள் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கோத்திருந்த மணிகள் சிதறித் தரையெல்லாம் ஓடின.

“ஒரு வார்த்தை சொன்னேனே, பாவி... அதைத் திருப்பி எடுத்துக்க வழியில்லையே அமலி!”

வெளியே அந்தோணிராஜ் கத்தினான். “இந்த எழவே வேண்டாம் பாய்! கொண்டுபோய்க் கொளத்துல வீசுங்க!”

“வண்டி என்னடா தப்புப் பண்ணுச்சு?” என்றார் சத்தியசீலன். “உங்க அண்ணி சொல்லட்டும். அவ சொல்றதுதான்.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பதினைந்து வருடத்தில் அந்த வீட்டில் அவள் சொல்தான் முடிவு என்று ஒருவர் விட்டது அன்றுதான். அமலி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பாய், அந்த அச்சு வேண்டாமுங்க. முழு அச்சையும் மாத்த முடியுங்களா?”

“மாத்தீரலாம்மா. அச்சு, நட்டு ரெண்டும் ஒரே மரையாப் போட்டுத் தாரேன்.”

“அப்பச் சரிங்க. அவனுக்கு வேலை போயிரக்கூடாது.”

அடுத்த வாரம் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. அமலி பழக்கம் விடாமல் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டாள். மணி அடித்தது. மறுபடியும் அடித்தது.

“அண்ணி வராம நான் ஏற மாட்டேனுங்க. சங்கு ஊதினா ஊதட்டும்!”

அவள் வந்தாள். குனிந்து முன் சக்கரத்தின் இரண்டு நட்டுகளையும் விரலால் திருகிப் பார்த்தாள். அசையவில்லை. நிமிர்ந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

“சொல்லு அமலி...” என்றார் சத்தியசீலன் உள்ளேயிருந்து.

“போயிட்டு வா, கண்ணு.”

சைக்கிள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள். அன்று காலை மதுக்கரைக்குக் கிளம்பியவரிடம் சொல்லாமல் விட்டது இந்த வார்த்தையைத்தான். இனிமேல் அவரிடம் எப்போது சொல்வது? அவர் எங்கே கிளம்பப்போகிறார்? அமலி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், கட்டிலுக்கு அருகில் உட்கார்ந்து, அவருக்கு ஒவ்வொரு மணியாக எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாள்.