தோன் காசிமிரோவிடம் இருக்கும் பாஸ்வேர்டு

சாலை மறியலின் பத்தொன்பதாம் நாள், ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் வீட்டுக்கு வைஃபை பெட்டி வந்தது. சைக்கிளில் வந்தது. எல் ஆல்ட்டோ நகரம் முழுக்க டயர் எரிந்துகொண்டிருந்ததால் கம்பெனி ஆள் வேனை எங்கேயோ விட்டுவிட்டு, முதுகில் பையோடு, கற்குவியல்களைத் தாண்டித் தாண்டி வந்திருந்தான். கம்பியை மாடிக்கு இழுத்தான், சுவரில் ஓட்டை போட்டான், அட்டைப் பெட்டியை என் கையில் திணித்தான்.

"மீதிய நீங்களே பண்ணிக்கோங்க. நான் இன்னும் நாலு மறியலைத் தாண்டணும்," என்றான். "வீட்டுக்கு நடு மத்தியில, உசரமா வைங்க. அவ்வளவுதான், குழந்தைகூடச் செய்யும்."

எனக்கு இருபத்துமூன்று வயது. அந்தக் குழந்தையைத் தேடிக் கண்டுபிடிக்க நேரமில்லை. மதியம் மூன்று மணிக்கு என் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. பஸ் இல்லாததால் திரையிலேயே நடத்துவதாகப் பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டவன் நான். இன்றும் முகம் காட்டாவிட்டால் ஐந்தாம் வருடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். ஆய்வின் தலைப்பு: 'எல் ஆல்ட்டோ மினிபஸ்களின் தாமதம்.' அப்பா மினிபஸ் ஓட்டியவர். வாழ்நாளில் அவர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது பக்கத்து நகரமான லா பாஸின் பெரிய கல்லறைத் தோட்டத்துக்கு மட்டும்தான். அன்றைக்கு வண்டியை ஓட்டியது வேறு ஆள்.

வீட்டுக்கு நடு மத்தியில், உயரத்தில், ஏற்கெனவே ஒருவர் இருந்தார்.

தோன் காசிமிரோ, அதாவது காசிமிரோ ஐயா. மண்டை ஓடு. அப்பா இறந்த வருடம், அதே கல்லறைத் தோட்டத்தில், வாடகை கட்ட ஆளில்லாமல் காலி செய்த குழியிலிருந்து அம்மா கொண்டுவந்தவர். பெயரை அவரே அம்மாவின் கனவில் வந்து சொன்னார். என் தங்கை யோவானா பின்னிய பச்சைக் கம்பளித் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கண்ணாடிக் கூண்டு. திங்கட்கிழமைதோறும் மெழுகுவத்தி, கோக்கா இலை, பல்லிடுக்கில் ஒரு சிகரெட். சாம்பல் மளமளவென்று நீளும், பார்த்திருக்கிறேன். வீட்டுக் காவல் அவர் பொறுப்பு. தெருக்கதவுச் சாவியும் வீட்டுப் பத்திரமும் அவருக்கு அடியில்தான் இருக்கும்.

"அவரை நகர்த்தறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுடா, லிம்பெர்ட்," என்றாள் அம்மா.

"கேட்டா பதில் சொல்வாரா?"

"உன்னை மாதிரி வாய் இருந்தா சொல்லியிருப்பார்."

நான் கேட்கவில்லை. கூண்டைத் தூக்கிச் சமையலறை அலமாரியில், ரவை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் இடத்தில் ரவுட்டரை வைத்தேன்.

அம்மா விடவில்லை. புதிதாக எது வந்தாலும் பூமித்தாய்க்குப் படைக்காமல் தொடக் கூடாது. ரவுட்டரின் நான்கு மூலையிலும் சாராயம் தெளித்தாள். ஆன்டெனா இரண்டிலும் வண்ணக் காகிதச் சுருள் சுற்றினாள். மேலே காகிதத் துகளைத் தூவினாள்.

"அம்மா, அது கரண்ட்ல ஓடுற சாமான்."

"உங்கப்பா வண்டி பெட்ரோல்ல ஓடிச்சு. அதுக்கு மேல பீரே ஊத்தினேன். வெடிச்சுதா?"

பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. லேப்டாப்பில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, நீளமான புது பாஸ்வேர்டு வைத்து, ஒரு தாளில் எழுதினேன். அம்மா அதை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"சாவிதானே இது? சாவி அவர்கிட்ட இருக்கணும்."

தாள் தோன் காசிமிரோவுக்கு அடியில் போனது.

பன்னிரண்டரைக்கு எல்லாம் தயார். என் போன், யோவானாவின் போன், லேப்டாப். இணைந்திருப்பவை மூன்று என்று இருக்க வேண்டும்.

நான்கு என்று இருந்தது.

நான்காவதற்குப் பெயர் இல்லை. சிக்னல் மட்டும் தொண்ணூற்றேழு.

"பக்கத்து வீட்டுக்காரன் திருடறான்," என்றேன்.

"அண்ணா, பாஸ்வேர்டு வெச்சே பத்து நிமிஷம்தான் ஆச்சு." யோவானா சமையலறைப் பக்கம் பார்த்தாள். "அதுவும் அந்தத் தாள் அவருக்கு அடியில இருக்கு."

சிரித்தேன். புள்ளியியல் படித்தவன். சோதித்துவிடலாம் என்றேன். கூண்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கினேன். யோவானா மேலிருந்து நான்காவதன் சிக்னல் எண்ணைச் சத்தமாகப் படித்தாள்.

"எண்பது... எழுபது... அம்பத்திரண்டு..."

முற்றத்தில் ஆலங்கட்டி விழத் தொடங்கியிருந்தது. எரிந்த டயரின் நாற்றம். அதற்கடியில் கறுப்புப் புகையிலையின் வாசம். எங்கள் வீட்டில் உயிரோடிருக்கும் யாரும் புகைப்பதில்லை.

"முப்பது. அண்ணா, போதும், மேல வா."

கூண்டைத் துணி துவைக்கும் கல்லில் வைத்துவிட்டுப் படியேறினேன்.

"நாற்பது," என்றாள் மேலிருந்து.

நின்றேன்.

"நாற்பது."

இன்னும் நான்கு படி ஏறினேன்.

"அறுபது... எழுபத்தஞ்சு..." அவள் குரல் மாறியது. நான் கதவருகே வந்ததும் என் வெறுங்கைகளைப் பார்த்தாள். "நீ அவரைக் கீழேயே வெச்சிட்டா வந்த?"

"ஆமா."

"தொண்ணூத்தேழு," என்றாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தாள்.

அந்தப் பக்கத்தில் 'தடு' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினேன். நான்காவது வரி மறைந்தது. யோவானா ஓடிப்போய், நனைந்த கூண்டைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தாள். அம்மாவிடம் இரண்டு பேரும் எதுவும் சொல்லவில்லை.

மூன்று மணி. அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். திரையில் மூன்று தேர்வாளர்கள். தலைவர் டாக்டர் நினோஸ்கா அர்சாபே. அவர் வீடு பெரிய கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டியது. அவருக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலில் அந்தச் சுவர், சுவருக்கு மேல் கறுத்த மரங்கள்.

வணக்கம் சொன்னேன். முதல் படத்தைக் காட்டினேன்.

"ஒரு நிமிஷம், சுக்கிமியா," என்றார் அர்சாபே, என் குடும்பப் பெயரைச் சொல்லி. "விதி தெரியுமில்லையா? அறையில நீங்க மட்டும்தான் இருக்கணும்."

"நான் மட்டும்தான் டாக்டர் இருக்கேன்."

"அப்ப பின்னால உக்காந்திருக்கிற பெரியவர்?"

திரும்பினேன். சுவர், கட்டில், கட்டிலில் என் அழுக்குச் சட்டை.

"அங்க யாரும்..."

"பச்சைத் தொப்பி போட்டிருக்காரே, அவர்தான்," என்றார் இரண்டாவது தேர்வாளர், கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே. "கறுப்புக் கண்ணாடி. சிகரெட் வேற."

மூன்றாவது தேர்வாளர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும் சத்தம் கேட்டது.

"உதவிக்கு ஆள் வெச்சுக்கிட்டா தேர்வு ரத்து, சுக்கிமியா. அவரை அனுப்பறீங்களா, நான் கையெழுத்துப் போடட்டுமா?"

என் கழுத்தில் புகை பட்டது. சூடாக இல்லை. நனைந்த கம்பளிபோல் சில்லென்று இருந்தது.

ஐந்து வருடம். நான் எதைச் சொல்லியிருப்பேன் என்கிறீர்கள்?

"தோன் காசிமிரோ," என்றேன் கட்டிலைப் பார்த்து. "போயிடுங்க."

ஒன்றும் அசையவில்லை.

"எங்கன்னு கேக்கறார்," என்றார் அர்சாபே.

"எங்கயாவது."

அர்சாபே தலையை மெல்ல இடமிருந்து வலமாகத் திருப்பினார், அறையைக் கடந்துபோகும் ஒருவரைப் பார்ப்பதுபோல்.

"சரி. போயிட்டார். ஆரம்பிங்க."

நான் பட்டம் வாங்கிவிட்டேன். ஒருமனதாக. மினிபஸ் தாமதம் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்.

ஐந்து மணிக்கு அம்மா திங்கட்கிழமைச் சிகரெட்டைப் பற்றவைத்து தோன் காசிமிரோவின் பல்லிடுக்கில் செருகினாள். அணைந்தது. மறுபடி பற்றவைத்தாள், மறுபடி அணைந்தது. மூன்றாவது முறை கூண்டையே கையில் எடுத்துப் பார்த்தாள்.

"காலி முட்டை ஓடு மாதிரி இருக்கார்," என்றாள். "என்ன பண்ணின?"

சொன்னேன். கேட்காமல் நகர்த்தியது, தடுத்தது, போகச் சொன்னது, எல்லாம். அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வீட்டைக் காக்கிற மனுஷனை எங்கயாவது போன்னு சொன்னியா? அந்தக் கல்லறைத் தோட்டத்தை விட்டா அவருக்கு எந்த இடம் தெரியும்? அங்க இருக்கிறவங்களைத் தவிர யாரைத் தெரியும்?"

போன் ஒலித்தது. அர்சாபேயிடமிருந்து குரல் செய்தி. பின்னணியில் ஆலங்கட்டி. அவர் குரல் மிகத் தாழ்ந்திருந்தது, பக்கத்து அறையில் யாரோ இருப்பதுபோல்.

"சுக்கிமியா... உங்க வீட்டுப் பெரியவர் எந்தச் சிகரெட் குடிப்பார்?"

என்ன பதில் போடுவது என்று யோசிப்பதற்குள் இரண்டாவது செய்தி வந்தது.

"பாஸ்வேர்டை மாத்த வேண்டாம்கிறார். ஜன்னல் பக்கம் போய் நின்னுட்டார். வெளியப் பார்த்துச் சத்தமாப் படிச்சுக் காட்டறார்... எழுத்து எழுத்தா."

அதற்குப் பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

யோவானா கூண்டுக்கு அடியிலிருந்து தாளை எடுத்தாள். நான் பாஸ்வேர்டு எழுதிய அதே தாள். வெற்றுத் தாளாக இருந்தது.

லேப்டாப்பைத் திறந்தேன். இணைந்திருப்பவை: மூன்று.

மூச்சு விட்டேன்.

நான்கு.

ஒன்பது.

முப்பத்தொன்று.

ஒன்றுக்கும் பெயரில்லை.

ரவுட்டரின் மின்கம்பியைப் பிடுங்கினேன். பச்சை விளக்குகள் அணைந்தன. ஆன்டெனாவில் சுற்றியிருந்த காகிதச் சுருள் அசைந்தது, எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது.

எண் ஓடிக்கொண்டே இருந்தது.

நூற்றிருபது. நூற்றெழுபது.

யோவானா அட்டைப் பெட்டியோடு வந்த குட்டிப் புத்தகத்தைப் புரட்டினாள். அவள் விரல் ஒரு வரியில் நின்றது. "ஒரே சமயத்துல இருநூத்தம்பத்து மூணு பேருக்குத்தான் இடமாம்," என்று கிசுகிசுத்தாள்.

வீடு குளிர்ந்தது. சாராயமும் வாடிய பூவும் ஈர மண்ணும் மணந்தன. படிக்கட்டில் காலடிச் சத்தமில்லை. ஆனால் படிகள், ஒவ்வொன்றாக, பாரம் ஏறும்போது முனகுவதுபோல் முனகின.

இருநூற்று நாற்பது.

இருநூற்று ஐம்பது.

இருநூற்று ஐம்பத்திரண்டு.

எண் நின்றது.

ஒரு நிமிடம் பார்த்தோம். இரண்டு நிமிடம். அசையவில்லை.

"நின்னுடுச்சு," என்றாள் யோவானா. அழுதுகொண்டிருந்தாள்.

அம்மா ஒரு முறைகூடத் திரையைப் பார்க்கவில்லை. அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தாள். மேசையில் எங்கள் மூன்று கோப்பைகள். அலமாரியின் பின்பக்கம் கையை விட்டு, கைப்பிடி உடைந்த பெரிய கோப்பையை எடுத்து, ஏப்ரன் முனையால் துடைத்து, நான்காவதாக வைத்தாள்.

"நிக்கலடி," என்றாள். "உங்கப்பா எப்பவும் கடைசியாத்தானே வருவார்."

கீழே தெருவில், பத்தொன்பது நாளாக ஒரு வண்டியும் ஓடாத தெருவில், ஒரு மினிபஸ் ஹாரன் அடித்தது.