இடப்பக்கம் சாய்ந்த ட்ரெய்லர்

யாரும் ஏறாத அந்த ட்ரெய்லர் இடப்பக்கம் சாய்ந்து நின்றது.

பட்டறைத் தரை சமதளம்தான். பக்கத்தில் நின்ற இன்னொரு ட்ரெய்லர் நேராகத்தான் நின்றது. இது மட்டும், உள்ளே இடது ஓரமாக யாரோ படுத்துக் கிடப்பதுபோல ஒரு பக்கத்து வில்லுப்பட்டையை அமுக்கிக்கொண்டு நின்றது. நாறும்பூநாதன் குனிந்து எட்டிப் பார்த்தார். வெறும் தகரத் தரை. துருவும் ஈரமும் கலந்த வாடை.

"பட்டை அசந்திருக்கும் அண்ணாச்சி," என்றான் பீர் மைதீன். தென்காசியில் லாரிக்குக் கூண்டு கட்டுவதில் கெட்டிக்காரன். "பட்டாளத்து ஏலத்துல வந்தது. யுத்தத்துல எங்கெங்க இழுபட்டுச்சோ, யார் யாரைச் சுமந்துச்சோ! அந்தா நிக்கதை எடுத்துக்கிடுங்க. பளபளன்னு மாப்பிள்ளை மாதிரில்லா இருக்கு."

"மாப்பிள்ளை குட்டையால்லா இருக்காரு. எஸ்டேட் ரோட்டுக் கல்லுல வயிறு தட்டி உக்காந்துக்கிடுவாரு. எனக்கு இதுதான் தோதுவே. சக்கரம் உசரம்."

ஏலக்காயும் மிளகும் வாங்க மலைக்குப் போகிறவர் நாறும்பூநாதன். ஜீப் இருக்கிறது. இழுத்துக்கொண்டு போய் எங்கே வேண்டுமானாலும் படுத்துக்கொள்ள ஒரு கூண்டு வேண்டும். ஊரில் அப்படித்தான் சொல்லிக்கொண்டார். உண்மை வேறு. மனைவி வடிவம்மாள் தை மாதம் போய்ச் சேர்ந்ததிலிருந்து அந்த வீட்டில் அவருக்குக் கண் மூடவில்லை. படுத்தால் வீடு மொத்தமும் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பாத்திரம் உருளாத அடுப்படி. கொலுசு நடக்காத நடை. பிள்ளைகளும் கிடையாது. அந்த வீட்டுக்கு வெளியே எங்காவது ஒரே ஒரு முழு உறக்கம். அதற்காகத்தான் இத்தனையும். அது கிடைக்காவிட்டால் புத்தி பிசகிவிடும் என்ற பயம் அவருக்கு வந்திருந்தது.

பட்டையை மாற்றினான் மைதீன். தேக்குச் சட்டம் அடித்துத் தகரம் போர்த்தி, மேலே தார்ப்பாய். பின்பக்கம் கதவு, ஏறிக்கொள்ள இரண்டு படி. வலப்பக்கத் தகரத்தில் முகம் பார்க்கும் அளவு ஒரு கண்ணாடி ஜன்னல். இடப்பக்கம் ஸ்டவ் வைக்கப் பெட்டி, தண்ணீருக்குப் பித்தளை ட்ரம். எல்லாம் பேசியாகிவிட்டது. படுக்கை மட்டும் பாக்கி.

"நின்னுக்கிட்டு இருங்க அண்ணாச்சி, உசரத்தை அளந்துக்கிடுதேன்."

"நின்னுக்கிட்டா தூங்கப் போறேன்? படுத்தே காட்டுதேன். சுத்திக் கோடு போட்டுக்கிடும்."

மைதீன் சாக்பீஸை விரலுக்குள் உருட்டினான். "வேண்டாம் அண்ணாச்சி. படுத்த ஆளை அளக்கது மையத்துக்குத்தான், குழி வெட்ட. உங்க ஆளுகளும் செய்ய மாட்டாகள்லா?"

"நான் பாதி மையத்துதானவே. போடும்."

தகரத் தரையின் வலது ஓரமாக மல்லாந்து படுத்தார். சாக்பீஸ் தோளோரம் கரகரத்து இறங்கியது. எழுந்து பார்த்தபோது, தன்னை உரித்துப் போட்டதுபோல ஒரு வெள்ளைக் கோடு.

அடுத்து அவர் பட்டறைக்குப் போனபோது வேலை முடிந்திருந்தது. கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். பேசிய ஸ்டவ் பெட்டியைக் காணோம். அந்த இடத்தையும் சேர்த்து, இந்தத் தகரத்திலிருந்து அந்தத் தகரம் வரை ஒரே படுக்கை.

"என்னவே இது? தனிக்கட்டைக்கு ரெட்டைக் கட்டிலா?"

மைதீன் சிரித்தான். "நானும் அதைத்தான் நினைச்சேன். அண்ணாச்சி வேற எங்கயோ சம்பந்தம் பேசி முடிச்சிட்டாக, நம்மகிட்டச் சொல்ல வெக்கப்படுதாகன்னு."

"கேலி இருக்கட்டும். யாரு சொன்னா உம்மகிட்ட?"

"நீங்கதான அண்ணாச்சி! மறுநாள் காலையில வந்து பாக்கேன், உங்க கோட்டுக்குப் பக்கத்துல இன்னொரு ஆளுக்கும் கோடு போட்டு வச்சிருந்திய. அந்த அளவுக்குத்தான் பலகை அறுத்தேன்."

"நான் இங்கன வரவே இல்லவே."

மைதீனின் சிரிப்பு நின்றது. துணியில் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"உங்களை மாதிரி மல்லாக்கப் படுத்த கோடு இல்ல அது," என்றான், குரலைத் தாழ்த்தி. "ஒருக்களிச்சுப் படுத்த கோடு. உங்க பக்கமாத் திரும்பி... அண்ணாச்சி, இதை இங்கனயே விட்டுட்டுப் போங்க. அந்தக் குட்டை மாப்பிள்ளையைச் சரிபண்ணித் தாரேன்."

நாறும்பூநாதன் அன்று விட்டுவிட்டுத்தான் போனார். வீட்டுக்குப் போய்ப் பாயை விரித்து உட்கார்ந்தார். சுவரில் பல்லி நகரும் ஓசைகூடக் கேட்டது. பலபலவென்று விடிந்ததும் ஜீப்பை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்து, ட்ரெய்லரை மாட்டி இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பகலெல்லாம் வியாபார வேலையாக அலைந்துவிட்டு, மாலையில் பண்பொழியைத் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. மலையடிவாரத்து எலுமிச்சைத் தோப்புக்குள் ஜீப்பை நிறுத்தியபோது பொழுது சாயவில்லை. ஆனாலும் மலையிலிருந்து இறங்கிய மேகம் மரங்களை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே வந்து, விளக்கு வைக்கிற நேரம்போல வெளிச்சத்தைக் கரைத்துவிட்டிருந்தது. தார்ப்பாயில் சாரல் ஊசி குத்துவதுபோல விழுந்தது. நசுங்கிய எலுமிச்சை இலையின் காரமும், புதுத் தேக்குத் தூளின் வாசனையும், அவை இரண்டுக்கும் அடியில் வெகுநேரம் தண்ணீரில் ஊறிய துணியின் வாடையும் எழும்பின. துணி எதுவும் நனையவில்லை. தடவிப் பார்த்துக்கொண்டார். கம்பளியை விரித்து, வலது ஓரமாகப் படுத்தார். மல்லாந்து.

ஆற்றின் இரைச்சல் தூரத்தில். தவளைகள். பிறகு தவளைகள் இல்லை.

பலகை லேசாக முனகியது. இடப்பக்கம்.

அவர் திரும்பவில்லை. கம்பளியின் அந்த ஓரம் மெல்ல இறுகியது, ஒருவர் அதன்மேல் சாய்ந்தால் இறுகுவதுபோல. பிறகு மூச்சு. அவருடைய மூச்சுக்கு நடுவே, அது விட்ட இடத்தில் இது. காதோரம் குளிர்ந்தது.

"வடிவு?" என்றார்.

கேட்கும்போதே தெரிந்தது. வடிவம்மாள் ஒரு நாளும் அவர் பக்கம் திரும்பிப் படுத்ததில்லை. இளைப்புக்காரி. எப்போதும் சுவரைப் பார்த்துத்தான் படுப்பாள்.

ஓடியிருக்கலாம். ஜீப் சாவி சட்டைப்பையில்தான் இருந்தது. ஓடி எங்கே போவது? அந்த வீட்டுக்கா? அதைவிட இது... ஒரு மூச்சு. பக்கத்தில் ஒரு மூச்சு. எத்தனை மாதம் கழித்து! பயத்தோடு பயமாக அவருடைய இமை கனத்தது. கால் தளர்ந்தது. உறக்கம், அவர் தேடி அலைந்த அந்த உறக்கம், பாதத்திலிருந்து இதமாக ஏறி வந்தது.

"குளிருதா?" என்று முணுமுணுத்தார். கம்பளியை விலக்கிக் கொடுத்தார்.

அது உள்ளே வந்தது.

கண் செருகிய நேரத்தில் காதருகே ஒரு குரல். ஆண் குரலா, பெண் குரலா, தெரியவில்லை. சீசன் கூட்டத்தில் குற்றாலத்துச் சத்திரத்தில் கேட்குமே, அப்படி ஒரு பணிவான குரல்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்க."

தள்ளிப் படுத்தார். தோள் தகரத்தில் இடித்தது.

பின்னால் படி முனகியது. கதவு திறந்த ஓசை இல்லை. பலகை இன்னொரு முறை அழுந்தியது. இன்னொரு மூச்சு.

"இன்னும் கொஞ்சம்."

உறக்கம் செத்தது. எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. இடுப்போடு இடுப்பாக ஈரம். கதவு பின்பக்கம். நடுவில் அவர்கள்.

மறுபடி படி. மறுபடி பலகை.

"இடம் இல்ல," என்றார். "இங்கன இடம் இல்லய்யா..."

"கொஞ்சம் தள்ளிப் படுங்க."

தள்ளினார்கள். மார்பு தகரத்தில். கன்னம் கண்ணாடியில். மூச்சு பட்டுப் புகைபடிந்தது. துடைக்கக் கை வரவில்லை. புகை தானாகக் கலைந்தது.

வெளியே தோப்பு. மேகம். அதற்குள் மனிதர்கள்.

அருவிக்கு நிற்பதுபோல வரிசையாக நின்றார்கள். ஆணும் பெண்ணும், இடுப்பில் பிள்ளையோடு சிலரும். மரத்துக்கு மரம், மலைவரை. யாரும் பேசவில்லை. யாரும் முண்டவில்லை. அவரவர் கம்பளியை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு, எல்லாரும் இந்த ஜன்னலையே பார்த்தபடி நின்றார்கள்.

படி முனகியது. வரிசை ஓர் அடி நகர்ந்தது.