எட்டு விநாடி நாடா

இருமல் முதலில் ஸ்பீக்கரில் கேட்டது. அதற்கப்புறம்தான் பாடகியின் கணவன் இருமினான்.

அவள் பாட்டை நிறுத்தினாள். ஆறு மணிக்குக் கச்சேரி, இப்போது மூன்றரை. ஜன்னலே இல்லாத அந்த ஒத்திகை அறையில் சூடேறிய வயரின் வாடையும் பழைய கம்பளத்தின் புழுக்கமும் மூக்கை அடைத்தன. காலடியில் புதுப் பெடல். ஒரு மிதி மிதித்தால் அவள் பாடிய வரியைப் பிடித்துவைத்துக்கொண்டு, போதும் என்கிறவரை திருப்பித் திருப்பிப் பாடும். எதிர் மேசையில், அவன் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிச் சரிசெய்த இரண்டு பழைய டேப் மெஷின்கள். ஒன்று பதியும், மற்றது அதே நாடாவை வாங்கி எட்டு விநாடி கழித்து ஒலிக்கும். பழசின் கரகரப்பும் புதுசின் அடுக்குகளும் சேர்ந்து வருவதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

"ஏங்க, நீங்க இருமறதுக்கு முன்னாடியே ஸ்பீக்கர்ல வந்துச்சு."

"பெடல்ல ஏதாவது மாட்டியிருக்கும்."

பெடலை அணைத்துவிட்டுப் பாட வாயெடுத்தாள். அவள் இன்னும் பாடாத வரி, அவள் குரலிலேயே, நாடாவிலிருந்து வந்தது.

அவன் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "அவசரத்துல மெஷினை இடம் மாத்தி வெச்சுட்டேன். நாடா முதல்ல ஒலிக்கிற மெஷினுக்குப் போகுது. பதியறது அதுக்கப்புறம்."

"அப்போ வெறும் நாடாதானே கேக்கணும்? என் குரல் எப்படி வரும்?"

பதில் தெரியாதபோதெல்லாம் ஸ்க்ரூடிரைவரைத் தேடுவது அவன் வழக்கம். மின்சாரத்தை அணைக்காமலேயே மூடியைக் கழற்றினான். எத்தனை சொன்னாலும் திருந்தாத மனிதன்.

ஸ்பீக்கரில் அவள் குரல் அலறியது. "ஐயோ, தொடாதீங்க." டப்பென்று ஒரு சத்தம். பிறகு வெறும் இரைச்சல்.

"இதை எப்போ பதிஞ்சே?" அவன் சிரித்தபடியே குனிந்தான்.

இன்னும் நடக்காததை நாடா முன்கூட்டியே ஒலிக்கிறது என்று புரிந்து, அவள் எண்ணத் தொடங்கினாள். எட்டு விநாடி. நான் கத்தாவிட்டால் அந்த அலறலே இல்லை. அலறல் இல்லையென்றால் அந்தச் சத்தமும் இல்லை. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கத் தோன்றவில்லை.

நான்கு. ஐந்து. அவன் விரல்கள் வயர்களுக்கு நடுவே போயின. நிதானமாக. பழகிய விரல்கள்.

ஏழு.

அவள் விரலிடுக்கில் குரல் பீறிட்டது. "ஐயோ, தொடாதீங்க."

அவன் திடுக்கிட்டான். கை நழுவியது.

டப்.

ஓடிப்போய் அவன் தலையை மடியில் கிடத்தினாள். மூக்கருகே விரல் வைத்தாள். மூச்சில்லை. நாடா மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

ஸ்பீக்கரில் அவன் குரல் அவளுடைய பாட்டை மெல்ல முணுமுணுக்கத் தொடங்கியது.

மடியில் மூடிக்கிடந்த உதடுகளை அவள் பார்த்தாள். அவை அசைய இன்னும் ஏழு விநாடி இருந்தது.