சிமிழில் மூன்று

குங்குமச் சிமிழுக்குள் விரலை விட்டுத் தடவினாள் ஸ்ரீரஞ்சனி. மூன்று லென்ஸ் இருந்தன. ராத்திரி அவள் கழற்றிப் போட்டது இரண்டுதான்.

விடிய இன்னும் நேரமிருந்தது. பெங்களூர் அல்சூர் வீட்டு பாத்ரூமில் பினாயில் வாடை, மாடித் தொட்டியில் காவேரித் தண்ணீர் ஏறுகிற களகள சத்தம், பக்கத்து அறையில் புருஷன் ஷ்ரேயாஸின் சீரான குறட்டை, இத்தனைக்கும் நடுவே அவள் இருட்டில் நின்றிருந்தாள். விளக்கைப் போட்டால் வென்டிலேட்டர் வழியாகக் கட்டில்மேல் வெளிச்சம் விழும், அவன் எழுந்துவிடுவான்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். அவள் அம்மா ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள்: "எங்க பொண்ணுக்குக் கண்ணாடியெல்லாம் கிடையாது." பவர் மைனஸ் ஒன்பது! நாற்பது நாளாக, அவன் தூங்கினபின் கழற்றி, எழுவதற்கு முன் மாட்டிக்கொண்டு, அந்தப் பொய்யோடு ரஞ்சனிதான் குடித்தனம் நடத்தினாள். மாமியார் பாகீரதி தினமும் துடைக்கிற அலமாரியில் லென்ஸ் கழுவும் பாட்டிலை எங்கே ஒளிப்பது? குழாய்த் தண்ணீரும் சிமிழும் போதும் என்று நினைத்தாள், பாவி.

"பேடா ரஞ்சனி, குழாய்த் தண்ணி வேண்டவே வேண்டாம்," என்று கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் சிநேகிதி அனுஷா கன்னடமும் தமிழுமாகப் போனில் கத்தியிருந்தாள். "அதுல இருக்கற கிருமி கண்ணையே அரிச்சுத் தின்னுடும். எரிஞ்சா உடனே ஓடி வா."

எரிந்தது. மிளகாய்ப்பொடி விழுந்த மாதிரி எரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று, மருந்துக்கடையில் கெஞ்சி வாங்கின சொட்டு மருந்தை விட்டுக்கொண்டாள். மரத்துப்போயிற்று. முதலில் கண். அப்புறம் முகம். நாலைந்து நாளில் பயம்கூட.

வலது கண்ணில் ஒன்றை மாட்டினாள். தெளியவில்லை. அந்த இருட்டிலும் வெறும் வெள்ளைப் புகை. இடது கண்ணுக்கு உரியதை மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று கிள்ளி எடுத்தாள். வந்தது. சிமிழில் போட்டாள்.

தொட்டுப் பார்த்தால் கண்ணில் இன்னொன்று வழுக்கியது. கிள்ளினாள். அதுவும் வந்தது. கொஞ்சம் தடிமன். வலி இல்லை.

நான்கு.

மறுபடி ஒன்று. ஈரமாய். சூடாய்.

லென்ஸ் சூடாக இருக்காது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் விரல் நிற்கவில்லை.

ஐந்து.

கதவு தட்டப்பட்டது. "ரஞ்சனி, இருட்டுல என்னம்மா பண்றே? லைட்டைப் போட்டுக்கப்படாதோ?" மாமியார்.

"போடாதீங்கோம்மா!"

வெளியே சுவிட்ச் சத்தம்.

சிமிழில் ஒரு பழுப்பு வளையம் மிதந்தது. நடுவில் கறுப்பு. வெளிச்சம் பட்டதும், அந்தக் கறுப்பு கூசிச் சுருங்கியது.

அப்போது அவளுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கண்ணாடி இல்லாமல். லென்ஸ் இல்லாமல். கீழேயிருந்து. தண்ணீருக்கு மேலே குழாய். பல்பு. சிமிழின்மேல் குனிந்திருக்கும் அவள் முகம். வலது கண்ணில் வெறும் வெள்ளை. அந்த முகத்தில் வலியே இல்லை. இரண்டு விரல்கள் மட்டும், நிதானமாக, இடது கண்ணை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.