அஞ்சாவது ஆள்

மலையடிவார மடத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. ஆமத்தூரிலிருந்து நடக்கத் தொடங்கி அன்றைக்கு மூன்றாம் நாள். மாரிசாமிக்குக் குதிகால் வெடித்து ரத்தம் கசிந்தது. அவன் மனைவி பாலம்மாள் மடத்துப் படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். மகள் எழில் காலை நொண்டிக்கொண்டு வந்தாள். தம்பி வெள்ளைத்துரை மட்டும் மூன்று நாளும் வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வலிக்கட்டும் என்றுதான் அவன் நடந்து வந்தான்.

போன ஆவணியில், தீபாவளி சீசன் சூடுபிடித்த நேரத்தில், பட்டாசுக் கம்பெனியில் ஒரு ரூம் வெடித்தது. உள்ளே இருந்த நாலு பெண்களும் போனார்கள். ஒட்டியிருந்த சரக்கு ரூமில் வெள்ளைத்துரையின் பெண்டாட்டி வேலுத்தாய் கரிக்கட்டையாகக் கிடந்தாள். முதல் நாள் மிஞ்சிய கலவை வெடிமருந்தை அவள்தான் யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து வைத்தாள், அதுதான் புழுங்கித் தீப்பிடித்துக்கொண்டது என்று போலீசில் எழுதி முடித்தார்கள். அன்றிலிருந்து வெள்ளைத்துரை எந்தத் தெருவிலும் தலை நிமிர்ந்து நடந்ததில்லை. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறி மொட்டை போட்டு, அவள் செய்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்கப் போகிறான்.

அந்தக் கம்பெனியில் போர்மேன், மாரிசாமி.

"உள்ள ரூம் ஒண்ணு சும்மாதான் கெடக்கு. பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கீக, அதுல படுத்துக்கோங்க" என்றார் மடத்துக்காரர்.

மாரிசாமி அந்த ரூமை எட்டிப் பார்த்தான். ஜன்னல் இல்லை. கதவின் வெளிப்பக்கம் துருப்பிடித்த இரும்புத் தாழ்ப்பாள்.

"வராந்தா போதும்ங்க."

"ஏங்க, கொசு பிடுங்கித் தின்னுரும்" என்றாள் பாலம்மாள்.

"போதும்னா போதும்."

அவர்கள் புளிச்சோற்றைப் பிரித்தபோதுதான் அந்த வாடை வந்தது. மழை ஈரம், காட்டுப் பச்சிலை, ஈரத்துணி, அத்தனைக்கும் அடியில் மெல்லிசாகக் கந்தகம். இருபது வருசம் மூக்கில் ஏறிய வாடை. தன் சட்டையில்தான் என்று நினைத்துக் காலரை இழுத்து மோந்து பார்த்தான். சட்டையில் சோப்பு மணம்தான் இருந்தது.

காலி ரூமுக்குள் சத்தம் கேட்டது.

தட். தட்.

"எலியா இருக்கும்" என்றாள் பாலம்மாள்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். விரல் முட்டியால் பதமாகத் தட்டுகிற சத்தம். உள்ளே இருக்கிறேன், மறந்துவிடாதீர்கள் என்று ஞாபகப்படுத்துகிற மாதிரி.

மாரிசாமி கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான்.

மறுநாள் விடிந்ததும் ஏறத் தொடங்கினார்கள். முதல் ஓடையைத் தாண்டியதும் பனிமூட்டம் இறங்கியது. பத்தடிக்கு முன்னால் பாறை எது, ஆள் எது என்று தெரியவில்லை. மாரிசாமி முன்னால் போனான். அவனுக்குப் பின்னால் பாலம்மாள், எழில், கடைசியில் வெள்ளைத்துரை. வளைவுக்கு வளைவு முன்னே போகிறவன் குரல் கொடுப்பதும் கடைசி ஆள் பதில் சொல்வதும் மலையேறுகிறவர்கள் வழக்கம்.

"கடேசி ஆளு வந்தாச்சா?"

"வந்தாச்சுண்ணே."

ஊற்றடியில் ஒரு கூட்டம் நின்றது. வெடியில் செத்த நாலு பேரில் ஒருத்தியின் புருசன் பெத்தணனும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். வெள்ளைத்துரை குனிந்து தண்ணீர் பிடிக்கப் போனான்.

"ஏலே, நீ தொடுறதுக்கு முன்னாடி நாங்க பிடிச்சுக்கிடுறோம். ஒன் குடும்பம் தொட்டதெல்லாம் வெளங்குனது போதும்" என்றான் பெத்தணன்.

வெள்ளைத்துரை பின்னால் நகர்ந்தான். இரண்டு கையையும் கூப்பி ஒதுங்கி நின்றான். நாற்பது வயது ஆள், பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கப் போகிற பையன் மாதிரி நின்றான்.

மாரிசாமி ஊற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாம். வாயைத் திறந்தால் போதும். அவன் துண்டை உதறித் தோளில் போட்டான்.

"நீங்க போங்கண்ணே, நான் தண்ணி பிடிச்சிட்டு வாரேன்" என்று வெள்ளைத்துரை பின்தங்கினான்.

மூன்று பேரும் ஏறினார்கள். மூட்டம் இன்னும் கெட்டியானது. பாறையிலிருந்து நீர் சொட்டியது. குருவிச் சத்தமே இல்லை. பழக்க தோசத்தில் மாரிசாமி கத்தினான்.

"கடேசி ஆளு வந்தாச்சா?"

"இங்கனதான் இருக்கேன், மச்சான்."

அவன் கால் நின்றது.

எழில் அவன் முதுகில் வந்து முட்டினாள். "அப்பா, சித்தப்பாதான கீழ நிக்காக? பின்னால யாரு?"

"பேசாம வா."

"சித்தி கொரல் மாதிரியே இருந்துச்சு."

"பேசாம வாடி!"

கந்தக வாடை நெஞ்சை அடைத்தது. பக்கத்துப் பாறைக்குள்ளிருந்து, கல்லுக்குள்ளிருந்தே, அந்தச் சத்தம் வந்தது.

தட். தட்.

பிறகு பதம் போய்விட்டது. படபடவென்று, இரண்டு உள்ளங்கையாலும்.

மாரிசாமி அந்த ஈரத்திலேயே மண்டியிட்டு விழுந்தான். தண்ணீரோடு ஏறிவந்த வெள்ளைத்துரை ஓடிவந்து தூக்கினான். "அண்ணே, என்ன செய்யுது?"

"நான்தாம்லே."

"என்னது?"

"மிஞ்சின மருந்த ராத்திரி வச்சிருந்து காலையில எடுத்துக் குடுத்தது நான்தான். ஆர்டர் முடியணும்னு. ரூமுக்கு நாலு பேருதான் சட்டம், ஒன் பெண்டாட்டி அஞ்சாவது. ஆபீசர் ஜீப்பு வந்துச்சு. அவளச் சரக்கு ரூமுக்குள்ள தள்ளி வெளியே தாழ்ப்பாளப் போட்டேன். ஆபீசர் டீ குடிச்சிட்டுப் போயாச்சு. நான் தொறக்க மறந்துட்டேன்."

பாலம்மாள் சுமந்துவந்த பையைக் கீழே வைத்தாள்.

"தீப்பிடிச்சப்ப தட்டுனா. கேட்டுச்சு. நான் கருவக்காட்டுக்குள்ள ஓடிட்டேன். பெறகு போலீசுல கேட்டாக. அவ மேல பழியச் சொன்னா கேக்குறதுக்கு யாரு வருவா, நம்ம வீட்டுப் பொம்பளதானன்னு..."

வெள்ளைத்துரை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. அவன் பாறையில் உள்ளங்கையை வைத்தான். "ஒரு வருசமா அவள நான் திட்டியிருக்கேன்ணே" என்றான். "அவ போட்டோவப் பாத்துக் காறித் துப்பியிருக்கேன்."

எழில் அப்பாவை விட்டுத் தள்ளிப் போய் அம்மாவின் அந்தப் பக்கம் நின்றுகொண்டாள்.

"வெளிய சொல்லிராதலே" என்றான் மாரிசாமி, கெஞ்சலாக. "எழிலுக்கு நாளைக்கு ஒரு எடம் பாக்கணும்."

சொல்லிவிட்டு அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? கீழ வந்து சொல்லு. பெத்தணங்கிட்டச் சொல்லு. போலீசுல சொல்லு. நான் எதுக்கு மொட்ட போடணும்?" வெள்ளைத்துரை திரும்பி இறங்கத் தொடங்கினான்.

"சொல்லுதேன். சத்தியமாச் சொல்லுதேன்."

சாமி கும்பிடாமலே இறங்கினார்கள். யாரும் குரல் கொடுக்கவில்லை. அடிவாரம் நெருங்க நெருங்க மூட்டம் விலகி, உச்சி வெயில் சுள்ளென்று அடித்தது. பாறைச் சத்தம் நின்றுவிட்டது. சொன்னதில் போய்விட்டாள் என்று மாரிசாமி நினைத்தான். மார்பு லேசானது.

வனத்துறைச் செக்போஸ்டில் காக்கிச்சட்டை காவலர் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். இறங்குகிற ஆட்களைக் குறித்துக்கொண்டிருந்தார்.

"எத்தன பேருய்யா?"

காக்கியைப் பார்த்ததும் மாரிசாமியின் முதுகு தானாகக் குனிந்தது. ஆபீசர்களிடம் இருபது வருசமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு.

"நாலே பேருதான் சார்."

காவலர் நிமிர்ந்தார். அவர்களுக்குப் பின்னால் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"பின்னால நிக்கிற பொம்பளய ஏன்யா விட்டுட்ட? அஞ்சுன்னு சொல்லத் தெரியாதா?"

மாரிசாமி திரும்பவில்லை. பிடரியில் அடுப்படி அனல் மாதிரி சூடு அடித்தது.

வெள்ளைத்துரை மட்டும் திரும்பிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு, தள்ளி நின்றான்.