பதினேழாம் எண் எலும்பு

ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் கூடியிருந்தது. போன சனிக்கிழமை நோரா தன் கையால் 41.2 என்று எழுதிவைத்த பதினேழாம் எண் தொடை எலும்பு, இன்று அளவுப் பலகையில் 41.3 காட்டியது.

மறுபடி கிடத்தி, மரக்கட்டையை நகர்த்தி முட்டவைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். அதே 41.3. எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிற பெண்ணுக்குக் கை தவறுவது பெரிய அதிசயமில்லை. ஆனால் மற்ற முப்பத்தைந்து எலும்புகளும் போன வார அளவிலேயே சமர்த்தாகக் கிடந்தனவே!

"என்னம்மா, சந்தேகமோ?" என்றார் டாக்டர் சீனிவாசராகவன், நோட்டிலிருந்து தலை தூக்காமல். "கண்ணுல தெரியறதை எழுது. ஏன்னு கேக்கறது என் வேலை."

எழுதினாள். அல்சூர் ஏரிப் பக்கம் அவருடைய ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த அந்த ஓட்டுக்கூரை அறையில், சுண்ணாம்பும் ஃபார்மலினும் ஈரப் பலகையும் கலந்த ஒரு வாசனை நண்பகல் வெயிலிலும் கலையாமல் நின்றது. அவள் வகுப்பின் நாற்பது மாணவிகளில் அவளை மட்டும் பொறுக்கியெடுத்து, ஐம்பத்தெட்டாம் வருஷத்து விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஆராய்ச்சி செய்யச் சொல்லிக்கொடுக்கிறார். முடிந்ததும் மெடிக்கல் காலேஜுக்கு சிபாரிசுக் கடிதம் தருவார். கடைசி நாளில் ஓர் எலும்பை அறுத்து உள்ளே காட்டுவதாகவும் சொல்லியிருந்தார். நோரா அதற்காகவே நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது வயசுல கொய்யா மரத்துலேருந்து விழுந்து தொடையை ஒடிச்சுக்கிட்டியே, அப்ப ஆபரேஷன் பண்ணவரு இல்லியா? அந்தப் பாசம்தான்" என்றாள் அம்மா ஜோசஃபின். காக்ஸ் டவுன் வீட்டில் இரவு ஜெபத்தில் டாக்டரின் பெயரும் சேர்ந்துவிட்டது.

வேலை முடிந்ததும் ஆயா லட்சுமம்மா திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் நோராவின் வலது தொடையை டேப்பால் அளப்பாள். உயிருள்ள எலும்போடு ஒப்பிட வேண்டுமாம். அளவைக் கன்னடத்தில் உரக்கச் சொல்வாள். வெளியே பேனா கீறும். கடைக்குப் போய்வர மட்டுமே கன்னடம் கற்ற கன்டோன்மென்ட் பெண்ணுக்கு அந்த வேக எண்கள் பிடிபடவில்லை. ஒரு நாள் ஆயா நோராவின் கன்னத்தைத் தடவி, "நின் மூளெ பெளீதா இதெ, மகூ" என்றாள். உன் மூளை வளருது என்கிறாள் என்று நோரா பூரித்துப்போனாள். லட்சுமம்மாவின் கண்கள் ஏன் கலங்கின என்று மட்டும் விளங்கவில்லை.

மூன்றாம் வாரம் 41.5. டாக்டர் எலும்பை மாற்றி வைக்கிறார், தன் நேர்மையைச் சோதிக்கிறார் என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. அவர் அந்தப் பக்கம் போன நேரம், எலும்பின் நடுவே முறிந்து ஆறிய தடிப்புக்கு மேலும் கீழுமாகப் பென்சிலால் இரண்டு கோடு போட்டாள். இடைவெளி சரியாகப் பத்து சென்டிமீட்டர்.

நான்காம் வாரம் கோடுகள் அப்படியே இருந்தன. அவள் கோடுகளேதான். இடைவெளி மட்டும் பத்தேகால்.

அன்று மாலை அம்மா சொன்னாள்: "நேரா நில்லுடி. ஸ்கர்ட் வலது பக்கம் இறங்குது பாரு."

கடைசி சனிக்கிழமை காலை, ஆராய்ச்சிக்குப் போகுமுன் கறிக்கடைக்கு நடந்தாள். இரண்டு வாரமாகவே நடையில் ஒரு தடுக்கல் இருந்தது. முன்னால் நின்ற கன்னடக்காரம்மா கடைக்காரனிடம், "மூளெ பேடா, பரீ மாம்ஸ கொடி" என்றாள். ஆட்டு மூளை வேண்டாம், வெறும் கறி போதும் என்கிறாள் என்றுதான் நோரா நினைத்தாள். கடைக்காரன் தலைப்பக்கம் போகவேயில்லை. தராசிலிருந்து எலும்பை எல்லாம் பொறுக்கி வெளியே போட்டான்.

எலும்பை.

மூளெ. நின் மூளெ. உன் எலும்பு வளர்ந்துகொண்டிருக்கிறது, குழந்தாய்.

போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் கடிதம் இன்றைக்குத்தான் கிடைக்கும். அதோடு, எல்லாம் வெறும் பைத்தியக்கார நினைப்பு என்று ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்றும் இருந்தது.

அறையில் யாருமில்லை. கடிகாரச் சத்தம் மட்டும். மேஜைமேல் டாக்டரின் நோட்டு. திறந்தாள். இடது பக்கத்தில் பதினேழாம் எண்: 41.2, 41.3, 41.5, 41.8. வலது பக்கத்தில் 'நோரா, வலது கால்': 42.6, 42.5, 42.3, 42.0.

இங்கே கூடியது அங்கே குறைந்திருந்தது.

எலும்பைப் பார்த்தாள். நடுவில் அந்தத் தடிப்பு. தன் தொடையில் அதே இடத்தில் அழுத்தினால் தட்டுப்படும் அதே தடிப்பு. அன்று ஆபரேஷனில் உடைந்த சில்லு ஒன்றை எடுத்துவிட்டதாக டாக்டர் அம்மாவிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தச் சில்லிலிருந்துதான் இது வளர்ந்ததா?

ஒரு விரலால் தடிப்பைத் தொட்டாள்.

தொடைக்குள், சதைக்கும் உள்ளே, ஜில்லென்று ஒரு விரல் பட்டது.

கையை எடுத்தாள். போய்விட்டது. மறுபடி தொட்டாள். மறுபடி பட்டது.

"வந்துட்டியா?" டாக்டர் நின்றிருந்தார். ஒரு கையில் ஒட்டிய கவர். மறு கையில் மெல்லிய ரம்பம். "இன்னிக்கு அறுத்துப் பாக்கலாம்னேனே. பதினேழையே எடுத்துக்கலாம், என்ன?"

நோரா கதவுப்பக்கம் திரும்பினாள். டாக்டருக்குப் பின்னால் வந்த லட்சுமம்மா கதவைத் தாழிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் எலும்பை இடுக்கியில் பொருத்தித் திருகினார். நோராவின் வலது கால் நின்ற இடத்திலேயே இறுகியது. நகரவில்லை.

ரம்பத்தைத் தடிப்பின்மேல் வைத்தார். அதன் பற்கள் ஒவ்வொன்றையும் அவளால் எண்ண முடிந்தது.

"நோட்டை எடுத்துக்கோம்மா" என்றார். "என்ன தெரியறதோ, எழுது."