பின்னறைக்கு எட்டாத சிக்னல்

“அது உங்க வீட்டுக்குச் சேராதுங்க...”

பின்னாலிருந்து குரல் வந்ததும் அவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. அரை மணி நேரமாகக் கால் கடுக்க நின்று, கடையிலிருந்த வைஃபை சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர்களில் ஒன்றை இப்போதுதான் எடுத்திருக்கிறாள். நடுவில் இந்த ஆள் யார்?

திரும்பினாள். நாலு நாள் தாடி. கையில் பிரிக்காத பெட்டி ஒன்று. கண்கள்... பெய்யாமல் கறுத்து நிற்கும் மேகம் போல, பார்க்கவே பாரமாயிருந்த கண்கள்.

“எங்க வீடு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. பழைய ரவுட்டர்னு கடைக்காரர்கிட்ட சொன்னீங்களே, காதுல விழுந்துச்சு. இது அதே கம்பெனியோட புது ரவுட்டர்கூட மட்டும்தான் பேசும்.”

“பேசாட்டி போகட்டும். கேக்காமலே பேசுறவங்களுக்கு அது எவ்வளவோ மேல்!”

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவன் சிரிக்கவில்லை. அந்த வீம்பிலேயே அவள் அதை வாங்கிக்கொண்டு போனாள்.

வீட்டில் பின்னறையில் அப்பா. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு படுத்த படுக்கையாகி எட்டு மாதம். பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. பேருந்தில் நாற்பது நிமிடம். மதியம் பக்கத்து வீட்டு அக்கா வந்து சாப்பாடு ஊட்டுவார். மற்ற நேரமெல்லாம் அப்பா தனியாள். கட்டிலைப் பார்த்து ஒரு கேமரா மாட்டியிருந்தாள். ஆனால் தடித்த சுவர் இரண்டைத் தாண்டி சிக்னல் எட்டவில்லை. வேலையிடத்தில் போனைத் திறந்தால் படத்துக்குப் பதில் வட்டம்தான் சுற்றும்.

புதுப் பெட்டியை அப்பாவின் தலைமாட்டில் செருகினாள். சிவப்பு விளக்கு எரிந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் கடைக்காரர் மாடியைக் காட்டினார். “நேத்து சொன்னாரே, அவரு மேலதான் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிறாரு. போய்க் கேளும்மா.”

மழையில் நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டு படியேறினாள்.

“பேசலையா?” என்றான், லென்ஸிலிருந்து கண்ணெடுக்காமல்.

“பேசல...”

“எங்க வச்சீங்க?”

“அப்பா ரூம்ல. அங்க இருக்கிற கேமராவுக்குத்தானே சிக்னல் வேணும்?”

“பசியில கிடக்கிறவர்கிட்டயே போய் சோறு கேட்டா எப்படிங்க? இல்லாத சிக்னலை அது எங்கிருந்து பெருக்கும்? பாதி வழியில, நல்லா கிடைக்கிற இடத்துல வைக்கணும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை மாதமாகிறது...

நேற்றைய பெட்டியை மேசைக்கடியிலிருந்து எடுத்தான். “இது எந்தக் கம்பெனி ரவுட்டரோடயும் சேரும். பழைய அலைவரிசையும் இருக்கு, உங்க கேமராவுக்கு அதுதான் வேணும். திருப்பிக் கொடுக்கத்தான் கொண்டு போனேன், மனசு வரல. நீங்க எடுத்துக்குங்க.”

“உங்களுக்கு?”

“இனிமே தேவைப்படாது.”

மாலையில், இரண்டு தெரு தள்ளியிருந்த அவள் வீட்டுக்கு வந்து நடைபாதை அலமாரிக்கு மேல் மாட்டிக் கொடுத்தான். படம் பளிச்சென்று வந்தது. அப்பா மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“என்னைக்... காவல் காக்குறியா?” குழறிய வார்த்தையிலும் கோபம் தெளிவாக இருந்தது.

“காவல் இல்லைங்கய்யா,” என்றான் அவன். “உங்க முகத்தைப் பாத்தாதான் அவங்களுக்கு அங்க வேலை ஓடும்.”

அப்பா திரும்பவேயில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் ‘சிக்னல் சரியா இருக்கா’ என்று வந்தான். சரியாகத்தான் இருந்தது. அது இருவருக்கும் தெரியும்... அவள் கேட்கவில்லை.

கடைக்காரர்தான் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னார். அவள் பூஸ்டர் வாங்க வந்ததற்குச் சில நாள் முன்னால், அவனுடைய அம்மா அறையில் விழுந்து, யாரும் பார்க்காமலே இறந்திருக்கிறார். சிக்னல் எட்டாமல், அந்த அறைக் கேமராவின் படம் அவன் போனில் காலையிலேயே உறைந்துபோயிருந்தது. தூங்குகிறார் என்று நினைத்து அந்தப் படத்தையே மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டு லென்ஸ் தேய்த்திருக்கிறான். அதற்கு முதல் நாள்தான் வாங்கிய பூஸ்டர், பிரிக்காமல் அவன் மேசையிலேயே இருந்தது.

அவன் கண்களிலிருந்த பாரம் அவளுக்கு இப்போது புரிந்தது. அப்புறம் எங்கிருந்தோ ரோஷம் வந்தது. அப்படியென்றால்... இந்த ஞாயிறுகள் எல்லாம்?

“உங்க குத்தவுணர்ச்சியைக் கழுவ எங்க வீடுதான் கிடைச்சுதா?” வாசலிலேயே கேட்டுவிட்டாள். “யாரோட இரக்கமும் எங்களுக்கு வேண்டாம்.”

முகம் வெளிறிப் போனான். குடையை விரித்து நடந்தான். கூப்பிட வாயெடுத்தாள்... மானம் தடுத்தது.

இருபத்து மூன்று நாள் அவன் வரவில்லை. இருபத்து நாலாம் நாள் பிற்பகல், கொட்டும் மழை. போனைத் திறந்தவள் எழுந்து நின்றுவிட்டாள். அப்பா மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். நல்ல கை காற்றில் எதையோ துழாவியது.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டு அக்கா போனை எடுக்கவில்லை. அடுத்து விரல் தானாகவே அவன் எண்ணுக்குப் போனது.

“அப்பா...”

“ஓடுறேன்.”

பேருந்தில் நின்றபடி போனில் பார்த்தாள். அக்கா வீட்டுக் கதவைத் தட்டிச் சாவி வாங்கி, சொட்டச் சொட்ட உள்ளே வந்தான். அப்பாவைத் தூக்கி மார்பில் சாய்த்துக்கொண்டான். அந்தத் துழாவிய கை அவன் சட்டையைப் பற்றியது.

“உங்க பொண்ணு பாத்துட்டுதான் இருக்காங்கய்யா... வந்துட்டே இருக்காங்க.”

அப்பா மெல்ல முகத்தைத் திருப்பினார். முதல் தடவையாகக் கேமராவை நேராகப் பார்த்தார். உதடு அசைந்தது. பேருந்து இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, சட்டையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஆம்புலன்ஸ் வர இன்னும் நேரமிருந்தது. படம் உறைந்துபோகக் கூடாதா என்று அவள் ஏங்கினாள். அது உறையவில்லை.

மூன்று வாரம் கழித்து மாடிப்படி ஏறினாள். அவன் இயந்திரத்தை நிறுத்தினான்.

“அப்பா கடைசியா என்ன சொன்னாரு?”

“உங்களைக் கூப்பிட்டாரு. பேர் சொல்லி... ரெண்டு தடவை.”

அவள் அழுது முடிக்கும்வரை அவன் காத்திருந்தான்.

“அன்னைக்கு நான் பேசினது ரொம்பத் தப்பு,” என்றாள்.

“பாதி நிஜம்தான். முதல் நாள் அம்மாவுக்காகத்தான் வந்தேன். அடுத்த ஞாயிறுல இருந்து... உங்களுக்காக. அப்போ அம்மா போயி ஒரு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள மனசு ஒரு முகத்தைத் தேடுதேன்னு எனக்கே கூசுச்சு. அதான் சொல்லல.”

“இப்பவும் தேடுதா?”

ஆமென்று தலையசைத்தான்.

“வீடு வெறிச்சோடிக் கிடக்குதுன்னு நான் இங்க வரலைங்க. வீடு நிறைய ஆள் இருந்தாலும் வந்திருப்பேன்...” அவள் கண்களைத் தாழ்த்தவில்லை. “எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”